பாபநாசம் வருவதற்குள் சொல்லணும்

எங்கள் வேன் ஓட்டும் அண்ணனின் அப்பா தவறிப்போனபோது, கண்ணீர் அஞ்சலி ஃப்ளெக்ஸ் அடிக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. ஆறுக்கு நாலு அளவு. பெரியவர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் போட்டோ, தோற்றம், மறைவு, இரண்டு பக்கமும் எரியும் குத்துவிளக்கு, கீழே ‘பிரிவால் வாடும் வேன் நண்பர்கள்’. நடுவில் கொஞ்சம் இடம் வெறுமையாகக் கிடந்தது. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்த பையன், “ஏதாச்சும் வாசகம் போட்டுக்கலாமா சார்?” என்று கேட்டான். நான் யோசிக்கவே இல்லை. ‘ஆடி அடங்கும் வாழ்க்கையடா, ஆறடி நிலமே சொந்தமடா’ என்று சொன்னேன். அதோடு விட்டிருக்கலாம். “கீழ கவியரசு கண்ணதாசன்னு போட்டுருங்க” என்றும் சொன்னேன்.

மறுநாள் சாவு வீட்டில் எங்கள் வேனில் வரும் தமிழ் வாத்தியார் அந்த ஃப்ளெக்ஸ் முன்னால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வெகுநேரம் நின்றார். பிறகு என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, பந்தலில் போய் உட்கார்ந்துகொண்டார். வாசகம் மனசைத் தொட்டுவிட்டது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

கருமாதி முடிந்து அண்ணன் மறுபடி வண்டி எடுத்த முதல் நாள். வெண்ணாற்றுப் பாலம் தாண்டியதும் வாத்தியார் திரும்பினார்.

“தம்பி, அந்த ஃப்ளெக்ஸ்ல போட்டிருந்தீங்களே, அது யார் எழுதுன பாட்டு?”

“கண்ணதாசன் சார்.”

“சுரதா.”

அவ்வளவுதான் சொன்னார். கொஞ்ச நேரம் கழித்து, “பதினாறு நாளா வாயைக் கட்டிக்கிட்டு இருந்தேன். துக்க வீட்ல எதுக்குன்னு” என்றார்.

1965-இல் வந்த ‘நீர்க்குமிழி’ படத்துப் பாட்டு. கே. பாலசந்தர் இயக்கிய முதல் படம், வி. குமார் இசை, பாடியவர் சீர்காழி கோவிந்தராஜன். படம் முழுக்க ஆஸ்பத்திரிக்குள்ளேயே நடக்கும். எழுதியவர் கவிஞர் சுரதா. இதையெல்லாம் வாத்தியார் பள்ளியக்கிரகாரத்துக்கும் அய்யம்பேட்டைக்கும் நடுவில் சொல்லி முடித்துவிட்டார். எனக்கு உறைத்தது அதற்குப் பிறகு அவர் சொன்னதுதான். சுரதாவின் சொந்தப் பெயர் ராஜகோபாலன். பாரதியின் மேல் இருந்த பற்றில் கனகசுப்புரத்தினம் பாரதிதாசன் ஆனார். அந்த சுப்புரத்தினத்தின் மேல் இருந்த பற்றில் இவர் சுப்புரத்தினதாசன் ஆனார், அதைச் சுருக்கித்தான் சுரதா. “குருநாதர் பேரையே தன் பேரா வச்சிக்கிட்ட மனுசன். அவர் பாட்டுக்குக் கீழ நீங்க வேற ஆள் பேரைப் போட்டுட்டீங்க” என்றார். அவர் குரலில் கோபம் இல்லை. அதுதான் சங்கடமாக இருந்தது.

அந்த ஃப்ளெக்ஸ் தெருமுனையில் இன்னும் ஒரு மாதம் நின்றது. பிறகு அண்ணன் அப்பா படத்தை மட்டும் வெட்டி எடுத்து வைத்துக்கொண்டு, மிச்சத்தை வைக்கோல் போரின் மேல் போட்டார். மழை பெய்தால் சுரதா நனைகிறார், பேர் கண்ணதாசனுக்கு.

எங்கள் வேனைப் பற்றிச் சொல்ல வேண்டும். தஞ்சாவூரிலிருந்து கும்பகோணத்துக்குத் தினமும் போய் வருகிறவர்கள் சேர்ந்து மாத வாடகை பேசி வைத்திருக்கும் வண்டி. நாற்பது கிலோமீட்டர் சொச்சம். புதுச் சாலை வந்த பிறகும் எங்களுக்குப் பழைய ரோடுதான், ஏனென்றால் வாத்தியாருக்குப் பாபநாசத்தில் பள்ளிக்கூடம். முன் சீட்டில் அவர். அவருக்குப் பின்னால் நர்ஸ் அக்கா. அவருக்குப் பக்கத்தில் பேங்க் தம்பி, வயது இருபத்தாறு, காதில் எப்போதும் எதையாவது மாட்டியிருப்பான். கடைசியில் நான், கணக்குப் பிரிவு. இன்னும் இரண்டு பேர் வருவார்கள், வண்டி ஏறியதும் தூங்கிவிடுவார்கள், அவர்களைக் கணக்கில் எடுக்க வேண்டாம்.

சுரதா விவகாரத்துக்குப் பிறகு வாத்தியார் ஒரு சட்டம் போட்டார். தினம் காலையில் ஒருவர் தனக்குப் பிடித்த பழைய பாட்டு ஒன்று போட வேண்டும். படம், பாடகர், இசையமைப்பாளர் எதுவும் யாரும் கேட்கவில்லை. எழுதியவர் யார் என்று மற்றவர்கள் சொல்ல வேண்டும். அதுவும் பாபநாசம் வருவதற்குள். அவர் இறங்கிவிட்டால் தீர்ப்புச் சொல்ல ஆள் இல்லை அல்லவா! சாயங்காலம் திரும்பும்போது அய்யம்பேட்டையில் டீ. தோற்றவர் காசு.

முதல் ஒரு மாதம் எல்லா டீயும் என் காசுதான். எந்தப் பாட்டைப் போட்டாலும் நான் கண்ணதாசன் என்றேன். ஊரில் முக்கால்வாசிப் பேர் அப்படித்தான் என்று சமாதானம் சொல்லிக்கொள்கிறேன். சோகம் என்றால் கண்ணதாசன், தத்துவம் என்றால் கண்ணதாசன், தாலாட்டு என்றாலும் அவர்தான். கல்யாண வீட்டில் பேர் சொல்லாமல் கொடுத்த மொய்ப் பணமெல்லாம் பெரிய தலைக்கட்டு ஒன்றின் பேரில் ஏறிவிட்ட மாதிரி. அவர்மேல் தப்பே இல்லை. அவ்வளவு எழுதியிருக்கிறார், அவ்வளவு நன்றாக எழுதியிருக்கிறார். ஆனால் பக்கத்தில் நின்று மொய் வைத்தவர்கள் கதை என்னாவது?

வாத்தியார் இதற்கு ஒரு கணக்குச் சொல்வார். நம் ஊரில் பாட்டு என்றால் முதல் சொந்தக்காரர் நடிகர். ‘எம்.ஜி.ஆர். பாட்டு’, ‘சிவாஜி பாட்டு’ என்றுதானே சொல்கிறோம். அடுத்து பாடியவர். அடுத்து மெட்டுப் போட்டவர். இவர்களெல்லாம் சாப்பிட்டு எழுந்த பிறகு பந்தியில் மீதி இருந்தால் எழுதியவருக்கு. ‘தூங்காதே தம்பி தூங்காதே’ 1958-இல் ‘நாடோடி மன்னன்’ வந்த நாளிலிருந்து எம்.ஜி.ஆர். பாட்டுதான். பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் பேர் அதில் மூன்றாவது மூச்சில்தான் வரும்.

பட்டுக்கோட்டை எங்கள் மாவட்டத்துக்காரர் என்பதால் வாத்தியாருக்குக் கூடுதல் உரிமை. ஒருநாள் ‘சின்னப்பயலே சின்னப்பயலே சேதி கேளடா’ போட்டார். இதை நானே சொல்லிவிட்டேன், முதல் வெற்றி. அவர் சிரிக்கவில்லை. “படம் வந்தது 1961. அவர் செத்தது 1959 அக்டோபர். தியேட்டர்ல ஜனங்க இந்தப் பாட்டைக் கேட்டுக் கைதட்டுனப்ப எழுதுனவர் இல்ல” என்றார். ‘திருடாதே பாப்பா திருடாதே’யும் அப்படித்தான். இருபத்தொன்பது வயதில் போய்விட்டார். அந்த ஆண்டுதான் ‘கல்யாணப் பரிசு’ வந்து ஊர் முழுக்க ‘வாடிக்கை மறந்ததும் ஏனோ’ பாடிக்கொண்டிருந்தது. பேங்க் தம்பி தன் வயதை மனசுக்குள் கூட்டிப் பார்த்துக்கொண்டான் என்று நினைக்கிறேன். அன்றைக்குக் காதில் எதுவும் மாட்டவில்லை.

நர்ஸ் அக்காதான் உண்மையில் எங்களில் ஆழமான ஆள். அவருடைய அப்பா பெட்டிக்கடை வைத்திருந்தார். கடையில் ரேடியோ. எங்கள் பக்கத்தில் அப்போதெல்லாம் இலங்கை வானொலி நம் ஊர் நிலையங்களைவிடத் தெளிவாகக் கேட்கும். மயில்வாகனன், கே.எஸ். ராஜா, அப்துல் ஹமீத், ராஜேஸ்வரி சண்முகம் என்று அறிவிப்பாளர்கள் பேரெல்லாம் அக்காவுக்குச் சொந்தக்காரர்கள் பேர் மாதிரி. ‘பொங்கும் பூம்புனல்’ நேரத்தில்தான் அவர் பள்ளிக்கூடத்துக்குத் தலை பின்னிக்கொள்வாராம். அந்த அறிவிப்பாளர்கள் பாடியவர் பேரைச் சொல்லும்போதே எழுதியவர் பேரையும் அழகாகச் சேர்த்துச் சொல்வார்கள். அக்காவின் அப்பாவுக்குக் கடைக்கு வருகிறவர்களோடு பந்தயம் கட்டுகிற பழக்கம் உண்டு. அதனால் மகளிடம் நாற்பது பக்க நோட்டு ஒன்றைக் கொடுத்து, கேட்கிற பாட்டையெல்லாம் குறித்து வைக்கச் சொல்லியிருக்கிறார்.

அந்த நோட்டை ஒருநாள் கொண்டுவந்து காட்டினார். அட்டை போய்விட்டது. பென்சில் எழுத்து. கோடு போட்டு மூன்று பத்தி: பாட்டு, படம், எழுதியவர். ‘அமுதைப் பொழியும் நிலவே’, ‘தங்கமலை ரகசியம்’, குமாப்பா. ‘சிங்கார வேலனே தேவா’, ‘கொஞ்சும் சலங்கை’, குமாப்பா. ‘யாரடி நீ மோகினி’, ‘உத்தம புத்திரன்’, குமாப்பா. “யாருக்கா இந்தக் குமாப்பா?” என்று கேட்டான் தம்பி. அக்காவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. கு.மா. பாலசுப்பிரமணியத்தை ரேடியோவில் கு.மா.பா. என்று சொல்ல, எட்டு வயதுக் காது அதை ஒரே பேராகக் கேட்டிருக்கிறது. ஏதோ பாய் ஒருத்தர் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தாராம். ஆனாலும் பாருங்கள், ‘சிங்கார வேலனே’ என்றால் ஜானகியின் குரலும் காருக்குறிச்சி அருணாசலத்தின் நாதஸ்வரமும்தான் எல்லாருக்கும் ஞாபகம் வரும். எழுதியவர் பேரைத் தப்பாகவாவது எழுதி வைத்தது அந்தப் பெட்டிக்கடை நோட்டு ஒன்றுதான்.

அக்காவுக்கு உயிரான பாட்டு ‘தண்ணிலவு தேனிறைக்க’. சுசீலா பாடியது, 1962, ‘படித்தால் மட்டும் போதுமா’. இதைப் போட்ட அன்று வண்டியில் இருந்த அத்தனை பேரும் கண்ணதாசன் என்றோம். வாத்தியார்கூட ஒரு விநாடி தயங்கினார். மாயவநாதன். தப்பு நடப்பதற்குக் காரணம் இருக்கிறது. ‘பொன் ஒன்று கண்டேன்’, ‘நான் கவிஞனும் இல்லை’ எல்லாம் அதே படம், அவை கண்ணதாசன் எழுதியவை. அதே விஸ்வநாதன் ராமமூர்த்தி. ஒரே பாத்திரத்தில் இருந்து பரிமாறினால் சமைத்தது இரண்டு கை என்று யார் கண்டார்கள்? ஆனால் அக்கா விடவில்லை. “நல்லாக் கேளுங்க. நிலா தேன் இறைக்குது, தாழை மரம் தண்ணி தெளிக்குது. ஒரு பொண்ணு நடந்து வர்றதுக்கு முன்னாடி வாசல் தெளிச்சி வைக்கிற மாதிரி இருக்குல்ல?” என்றார். நான் இருநூறு தடவையாவது கேட்டிருப்பேன் அந்தப் பாட்டை. வாசல் தெளித்ததைக் கவனித்ததே இல்லை. ‘சித்திரப் பூவிழி வாசலிலே’யும் அவர் எழுதியதுதான் என்று அன்றைக்கே தெரிந்துகொண்டேன். அதையும் அதுவரை வேறு கணக்கில்தான் வைத்திருந்தேன்.

வண்டி ஓட்டும் அண்ணன் போட்டியில் சேரமாட்டார். கண்ணாடியில் பார்த்துச் சிரித்துக்கொள்வார். அவருக்கு ஒன்றரை ஏக்கர் நிலம் உண்டு, ஞாயிற்றுக்கிழமை விவசாயி. ஒரு தடவை அவரே பென் டிரைவில் தேடி ஒரு பாட்டுப் போட்டார். ‘மணப்பாறை மாடு கட்டி மாயவரம் ஏரு பூட்டி’. டி.எம்.எஸ். குரல், கே.வி. மகாதேவன் மெட்டு, ‘மக்களைப் பெற்ற மகராசி’, சிவாஜி கொங்குத் தமிழ் பேசி நடித்த படம். எழுதியவர் மருதகாசி என்று மூன்று பேர் ஒரே நேரத்தில் சொன்னோம். அண்ணன் அதைப் பொருட்படுத்தவில்லை. அவருக்கு வேறு வழக்கு.

“மணப்பாறை மாடு, சரி. மாயவரம் ஏரு, சரி. ஆத்தூர் கிச்சிலிச் சம்பாவ வெதச்சி, மருதை ஜில்லா ஆள வச்சி அறுத்து, பொள்ளாச்சி சந்தைக்கு ஏத்திக்கிட்டுப் போயி, விருதுநகர் யாவாரிக்கு விக்கச் சொல்றாரே, வண்டி வாடகை யாரு கொடுப்பா?”

வண்டியே அதிர்ந்தது. தூங்குகிற இருவரும் எழுந்துவிட்டார்கள். வாத்தியார் மட்டும் யோசித்துக்கொண்டே வந்தார். எதெது எங்கே பேர் போனதோ அதை அங்கிருந்து எடுத்திருக்கிறார் பாருங்கள் என்றார். மணப்பாறைக்கு மாட்டுச் சந்தை, பொள்ளாச்சிக்குச் சந்தை, விருதுநகருக்கு வியாபாரி. எனக்கு அப்போதுதான் ஆண்டு உறைத்தது. படம் 1957. மொழிவாரியாகப் பிரித்து இந்த மாநிலத்துக்கு ஏறக்குறைய இப்போதைய எல்லைகளைப் போட்டது 1956 நவம்பர் முதல் தேதி. மை காய்வதற்குள் ஒருவர் மாடு, ஏர், விதை, ஆள், சந்தை, வியாபாரி என்று ஊர் ஊராகக் கோத்து ஒரே வயலில் இறக்கிவிட்டார். மருதகாசி அதை நினைத்துத்தான் எழுதினார் என்று நான் சொல்லவில்லை. எனக்கு அப்படித் தோன்றியது, அவ்வளவுதான். வித்த காசை அம்மா கையில் கொடு, அவர்கள் ஆறை நூறாக்குவார்கள் என்று பாட்டு முடியும் இடத்தில் அண்ணன் தலையாட்டினார். “இது மட்டும் கரெக்ட்டு. எங்க வீட்ல அப்புடித்தான்.”

மருதகாசிக்கு நேர்ந்த அநியாயத்தைத் தனியாகவே எழுதலாம். ‘சமரசம் உலாவும் இடமே’ அவர் பாட்டு, 1956-இல் வந்த ‘ரம்பையின் காதல்’. சுடுகாட்டுத் தத்துவம் என்பதால் அதைப் பட்டுக்கோட்டை கணக்கிலோ கண்ணதாசன் கணக்கிலோ எழுதாத ஆள் குறைவு. நல்லவேளை, ஃப்ளெக்ஸுக்கு அது என் வாயில் வரவில்லை. ‘வசந்த முல்லை போலே வந்து’, ‘நீலவண்ணக் கண்ணா வாடா’, ‘கடவுள் என்னும் முதலாளி’ எல்லாம் அவர் எழுதியவை. கடைசியாகச் சொன்னதும் நடைமுறையில் எம்.ஜி.ஆர். பாட்டுதான், கேட்க வேண்டுமா?

தகராறு வந்தால் வாத்தியார் மறுநாள் மஞ்சப்பையோடு வருவார். அதற்குள் பாட்டுப் புத்தகங்கள். தியேட்டர் வாசலில் விற்றவை. அப்பளம் மாதிரி ஒடியும் தாள், நடுவில் அடித்த பின் துருப்பிடித்து இரண்டு பக்கமும் பழுப்பாக ஊறியிருக்கும். முன்பக்கம் கதைச் சுருக்கம். கதாநாயகி ஆற்றில் குதிக்கப் போகும் இடத்தில் ‘மீதியை வெள்ளித்திரையில் காண்க’ என்று நிற்கும். உள்ளே பாட்டு. அதன் ஓரத்தில் சின்ன எழுத்தில் பேர். வாத்தியார் அந்தச் சின்ன எழுத்தின் மேல் விரலை வைத்து, மேஜிஸ்ட்ரேட் மாதிரி எங்களைப் பார்ப்பார்.

மஞ்சப்பையாலும் தீராத வழக்கு ஒன்று உண்டு. ‘பாட்டும் நானே பாவமும் நானே’. ‘திருவிளையாடல்’ டைட்டிலில் கண்ணதாசன் பேர்தான். கா.மு. ஷெரீப் எழுதியது என்று சொல்பவர்களும் அன்றிலிருந்து இன்றுவரை இருக்கிறார்கள். எங்கள் வண்டியிலும் இரண்டு கட்சி. தஞ்சாவூரில் தொடங்கி அன்றைக்குப் பாபநாசம் தாண்டியும் முடியவில்லை, வாத்தியார் இறங்காமல் கும்பகோணம் வரை வந்துவிடுவாரோ என்று பயந்தோம். ஆனால் அந்தச் சண்டையில் எனக்கு லாபம். ஷெரீப் பக்கம் வாதாடிய அக்கா, சாட்சிக்கு ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டார். ‘ஏரிக்கரையின் மேலே போறவளே பெண்மயிலே’, ‘வாழ்ந்தாலும் ஏசும் தாழ்ந்தாலும் ஏசும்’, ‘அன்னையைப் போல் ஒரு தெய்வமும் உண்டோ’. இத்தனையும் எழுதியவருக்கு அந்த ஒரு பாட்டு எதற்கு?

பாபநாசம் நெருங்கினால் சில நாள் அண்ணன் தானாகவே ‘மன்மத லீலையை வென்றார் உண்டோ’ போடுவார். எழுதியவர் பாபநாசம் சிவன். பிறந்த ஊர் போலகம், இந்த ஊரோடு பழகிய நாட்களில் பேர் ஒட்டிக்கொண்டது. 1944 தீபாவளிக்கு வந்த ‘ஹரிதாஸ்’ சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளி பார்த்தது. பாகவதர் குரல் கேட்டுக்கொண்டே வாத்தியார் இறங்கி, குடையை விரித்து, பாட்டின் தாளத்துக்கு நடப்பதுபோல் எங்களுக்குத் தோன்றும். அவர் அதை ஒத்துக்கொள்ளமாட்டார். கிளம்புகிற ஊருக்கும் ஆள் உண்டு. ‘வாராயோ வெண்ணிலாவே’யும் ‘கல்யாண சமையல் சாதம்’மும் எழுதிய தஞ்சை ராமையாதாஸ். அந்த ‘கல்யாண சமையல் சாதம்’ காலை ஏழரை மணிக்கு, அரைகுறையாக இட்லி சாப்பிட்டுவிட்டு வந்த வயிற்றோடு கேட்கக் கூடாத பாட்டு.

பேங்க் தம்பி ஆரம்பத்தில் ஆப்பைப் பார்த்துச் சொல்லிவிடுவான். ஆனால் ஆப்பில் எழுதியவர் இடத்தில் ஒன்று யார் பேரும் இருக்காது, அல்லது படத்துக்கு எழுதிய எல்லார் பேரும் ஒவ்வொரு பாட்டுக்கும் இருக்கும். இரண்டு தடவை டீக்குக் காசு கொடுத்த பிறகு அவனுக்கு ரோஷம் வந்துவிட்டது. யூடியூபில் பழைய படங்களின் டைட்டிலை நிறுத்தி நிறுத்திப் பார்க்க ஆரம்பித்தான். ஒரு திங்கட்கிழமை ‘குங்குமப் பொட்டின் மங்கலம்’ போட்டுவிட்டுப் பேசாமல் உட்கார்ந்திருந்தான். 1968, ‘குடியிருந்த கோயில்’, டி.எம்.எஸ்., சுசீலா. நான் வாலி என்றேன். அந்தப் படத்தில் வாலி நிறைய எழுதியிருக்கிறார். அக்கா, ‘ஆடலுடன் பாடலைக் கேட்டு’ அந்தப் படம்தானே, அப்போது ஆலங்குடி சோமு என்றார். வாத்தியார், ‘நான் யார் நான் யார்’ புலமைப்பித்தன், இதுவும் அவராக இருக்கலாம் என்றார். அய்யம்பேட்டை போய்விட்டது. பாபநாசம் வந்துவிட்டது. வாத்தியார் கதவைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தார்.

“ரோஷனாரா பேகம்” என்றான் தம்பி.

யாரும் பேசவில்லை. பெண்கள் சினிமாவுக்குப் பாட்டெழுதுவது அபூர்வமாக இருந்த காலம். அதில் ஒரு முஸ்லிம் பெண் குங்குமப் பொட்டைப் பற்றி எழுதி, அது எம்.ஜி.ஆர். படத்தில் வந்து, ஐம்பது வருஷத்துக்கு மேல் ரேடியோவில் ஓடிக்கொண்டிருக்கிறது. அவர் பேரோடு நினைவில் நிற்பது அந்த ஒரு பாட்டுதான். அக்கா சாயங்காலம் நோட்டை எடுத்துப் பார்த்திருக்கிறார். பாட்டு இருந்தது, படம் இருந்தது, மூன்றாவது பத்தி காலி. அன்றைக்கு என்ன காரணமோ, அறிவிப்பைத் தவறவிட்டிருக்கிறார். இப்போது அந்த இடத்தில் பால்பாயிண்ட் பேனாவில் பேர் எழுதியிருக்கிறது. அதன் பிறகு வாத்தியார் தம்பியை ‘வாங்க போங்க’ என்றுதான் கூப்பிடுகிறார்.

‘சபாஷ், சரியான போட்டி’ என்று பி.எஸ். வீரப்பா சொல்வதை மிமிக்ரி செய்யாத ஆள் தமிழ்நாட்டில் உண்டா? வைஜயந்திமாலாவும் பத்மினியும் ஆடும் அந்த ‘கண்ணும் கண்ணும் கலந்து’ பாட்டை எழுதியவர் கொத்தமங்கலம் சுப்பு. கலைமணி என்ற பேரில் ‘தில்லானா மோகனாம்பாள்’ தொடர்கதை எழுதியவரும் அவரே. இதைச் சொன்னது நான். என் கணக்கில் பெருமைப்பட்டுக்கொள்ள இருப்பது இது ஒன்றுதான், அதனால் இங்கே சேர்த்துவிட்டேன்.

வாலியிடம் நான் தோற்றதுபோல் வேறு யாரிடமும் தோற்றதில்லை. ‘கண் போன போக்கிலே கால் போகலாமா’ கண்ணதாசன் என்று சத்தியம் செய்தேன், வாலி. ‘மன்னவனே அழலாமா’, வாலி. ‘மாதவிப் பொன் மயிலாள்’, வாலி. கடைசியில் வாத்தியாருக்கே பரிதாபமாகப் போய், ஒரு கதை சொன்னார். வாலியே பல இடங்களில் சொல்லியிருக்கும் கதைதான். வாய்ப்புத் தேடி அலைந்து அலுத்துப்போய், சென்னையை விட்டே கிளம்பிவிடலாம் என்று அவர் முடிவு கட்டியிருந்த நேரம். பி.பி. ஸ்ரீனிவாஸ் தான் புதிதாகப் பாடியிருந்த பாட்டு ஒன்றைப் பாடிக் காட்டியிருக்கிறார். ‘மயக்கமா கலக்கமா’, ‘சுமைதாங்கி’ படத்துக்கு. கண்ணதாசன் எழுதியது. அதைக் கேட்டுவிட்டு வாலி ஊருக்குப் போகவில்லை. “அதனால நீங்க வாலி பாட்டையெல்லாம் கண்ணதாசன்னு சொல்றதுல ஒரு நியாயம் இருக்கு தம்பி” என்றார் வாத்தியார். டீக்கு மட்டும் நான்தான் கொடுத்தேன்.

இன்னொருவர் பஞ்சு அருணாசலம். கண்ணதாசனின் அண்ணன் மகன். சித்தப்பா சொல்லச் சொல்லப் பக்கத்தில் உட்கார்ந்து எழுதியவர். அவரே தனியாக எழுதிய ‘பொன்னெழில் பூத்தது புதுவானில்’ பாட்டும் சித்தப்பா கணக்கில்தான் ஏறுகிறது. படம் ‘கலங்கரை விளக்கம்’, 1965. இதையும் தோற்றுத்தான் தெரிந்துகொண்டேன்.

போன தை மாதம் அக்கா மகளுக்குத் தஞ்சாவூரில் கல்யாணம். ரிசப்ஷனுக்கு வேன்காரர்கள் எல்லாரும் போயிருந்தோம். வாத்தியார், தம்பி, அண்ணன், நான் என்று ஒரே வரிசையில் உட்கார்ந்திருந்தோம். பெண்ணும் மாப்பிள்ளையும் வாசலுக்கு வந்ததும் மெல்லிசைக் குழு ‘மணமகளே மருமகளே வா வா’வை எடுத்தது. 1962-இல் ‘சாரதா’ வந்ததிலிருந்து அந்தப் பாட்டு இல்லாமல் எந்தப் பெண்ணும் மண்டபத்துக்குள் கால் வைத்ததில்லை என்றே நினைக்கிறேன். முன் வரிசையில் இருந்த மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர் உருகிப்போய்ப் பக்கத்தில் இருந்தவரிடம், “என்னமா எழுதியிருக்கான்யா கண்ணதாசன்!” என்றார்.

நாங்கள் நான்கு பேரும் ஒரே நேரத்தில் நிமிர்ந்தோம். தம்பி வாயைத் திறந்துவிட்டான். நான் பெரியவர் தோளைத் தொடக் கையை நீட்டிவிட்டேன். வாத்தியார் என் மணிக்கட்டைப் பிடித்துக் கீழே இறக்கினார்.

“விடுங்க தம்பி” என்றார் மெதுவாக. “அது குடும்பத்துக்குள்ளதானே போகுது.”